எரிந்தது ஒரு கிடங்கு, கைவிரிப்பது இரண்டு நிறுவனம்: காப்புறுதி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியப் பொதுக் காப்புறுதி, தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) நிறுவனங்களின் இழப்பீட்டுப் பிரிவுத் தலைவர்களுக்கு,

"தங்கள் சரக்குக்கு வேறொரு நிறுவனத்திலும் காப்புறுதி இருப்பது தெரியவந்துள்ளது. முதலில் அந்நிறுவனத்தை அணுகவும்."

இந்த இரண்டு வரிக் கடிதம் நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப், பாரிட் புந்தார் கடைத்தெருக்களில் இப்போது பழகிப்போன காகிதம். கிடங்கோ கடையோ எரிந்து, பொம்பா (தீயணைப்புத் துறை) அறிக்கை, போலீஸ் அறிக்கை, இருப்புக் கணக்கு எல்லாம் கொடுத்து முடித்த பிறகு வருகிறது. முதல் நிறுவனம் இரண்டாவதைக் காட்டுகிறது. இரண்டாவது நிறுவனம் அதே வாசகத்தில் முதலாவதைக் காட்டுகிறது. இரண்டு இடத்திலும் பிரிமியம் கட்டியவர் நடுவில் நிற்கிறார். இதை உங்கள் பிரிவுகள் ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டன. அதை ஏற்க முடியாது என்பதால்தான் இந்த மடல்.

உங்கள் பத்திரத்தில் உள்ளதிலிருந்தே தொடங்குகிறோம். வழக்கமான தீக்காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு பங்கு விதி உண்டு: இழப்பு நேரத்தில் அதே சொத்துக்கு வேறு காப்புறுதி இருந்தால், இந்நிறுவனம் தன் விகிதப் பங்குக்கு மேல் கொடுக்கக் கடமைப்பட்டதில்லை. நியாயமான விதிதான். ஆனால் அது சொல்வது உங்கள் பங்கைக் கொடுக்கச் சொல்லி. பங்கு எவ்வளவு என்று இரு நிறுவனமும் ஒத்துக்கொள்ளும்வரை ஒரு காசும் தராதே என்று அதில் எங்கும் இல்லை. நீங்கள் அனுப்பும் கடிதத்துக்கு அந்த விதியில் இடமே கிடையாது.

இந்த விதி இல்லாத பத்திரத்தில் சட்டம் இன்னும் தெளிவு. 1758இல் காடின் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு சொன்னது இதுதான்: காப்புறுதி செய்தவர் ஒருவரிடமே முழுத் தொகையையும் வாங்கலாம், கொடுத்தவர் மற்றவரிடம் பங்கு கேட்டுக்கொள்ளலாம். 1906ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கடல் காப்புறுதிச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, பத்திரம் வேறு விதமாகச் சொல்லாதவரை, எந்த நிறுவனத்திடம் முதலில் கேட்பது என்பதைக் காப்புறுதி செய்தவரின் விருப்பத்துக்கே விடுகிறது. தன் பங்குக்கு மேல் கொடுத்த நிறுவனம் மற்றதிடம் வழக்காடிப் பெறும் உரிமையை 80ஆவது பிரிவு தருகிறது. உங்களுக்குள் தீர்த்துக்கொள்ள இந்தக் கருவிகள் எல்லாம் கையில் இருக்கின்றன. வாடிக்கையாளரிடம் அப்படி ஒன்றும் இல்லை. நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் சேவைக்குப் போனால்கூட அது வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான புகாரைத்தான் பார்க்கும். இரு நிறுவனங்களுக்கு இடையே பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் அதிகாரிகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ஓர் உர வியாபாரி. கிடங்குச் சரக்குக்கு முகவர் மூலம் தானே எடுத்த பத்திரம் 300,000 ரிங்கிட். வங்கிக் கடனுக்காக வங்கி அவர் பெயரில் எடுத்துவைத்த பத்திரம் 100,000 ரிங்கிட். உரம் போடும் பருவம் முடிந்து கிடங்கு பாதி காலியாக இருந்த நாளில் தீ. அன்றைய இருப்பின் மதிப்பு 90,000, எரிந்ததும் நனைந்ததும் 60,000.

காப்புறுதித் தொகை விகிதத்தில் பிரித்தால் பெரிய நிறுவனம் 45,000, சிறியது 15,000. தனித்தனிப் பொறுப்பு முறையில் பிரித்தால், அதாவது மற்றது இல்லாதிருந்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று பார்த்து அந்த விகிதத்தில் பிரித்தால், இரண்டும் 60,000 கொடுத்திருக்கும். ஆகவே ஆளுக்கு 30,000. இயல்பாகவே பெரிய நிறுவனம் இரண்டாவது முறையையும் சிறியது முதல் முறையையும் பிடித்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் கடிதங்கள் பறக்கின்றன.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். எந்த முறையை எடுத்தாலும் பெரிய நிறுவனத்தின் பங்கு 30,000க்குக் குறையாது. எந்த முறையை எடுத்தாலும் சிறியதன் பங்கு 15,000க்குக் குறையாது. ஆக 45,000 ரிங்கிட்டில் சண்டையே இல்லை. மீதி 15,000ஐயும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், யார் பையிலிருந்து என்பதுதான் கேள்வி. ஆளுக்கு 7,500 தற்காலிகமாகப் போட்டால் கிடங்கு திறந்துவிடும். பிறகு தீர்ப்பு எப்படி வந்தாலும் ஒருவர் மற்றவருக்கு 7,500 திருப்பித் தந்தால் கணக்கு நேர். இந்த 7,500க்காகத்தான் 60,000ஐப் பிடித்துவைக்கிறீர்கள்.

எந்த முறை சரி என்பதிலும் வழிகாட்டல் இல்லாமல் இல்லை. கமர்ஷியல் யூனியன் எதிர் ஹேடன் வழக்கில் ஒரு பத்திரத்தின் வரம்பு 100,000 பவுண்டு, மற்றதன் வரம்பு 10,000. கோரிக்கை ஏறக்குறைய 4,425 பவுண்டு. கீழ்நீதிமன்றம் பத்துக்கு ஒன்று என்று பிரித்தது. இங்கிலாந்து முறையீட்டு நீதிமன்றம் (1977 தீர்ப்புத் தொகுப்பு) அதை மாற்றிச் சரிபாதியாக்கியது. சிறிய கோரிக்கைகள்தான் அதிகம் வரும், அவற்றில் இரு பத்திரமும் ஒரே அளவு பொறுப்பைத்தான் சுமக்கின்றன என்பது அதன் தர்க்கம். அது மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கான காப்புறுதி வழக்கு. சொத்துக் காப்புறுதிக்கு அதை அப்படியே எடுத்துப் பொருத்தலாமா என்பது வாதத்துக்கு உரியது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் சராசரி விதி, அதாவது சரக்கின் மதிப்பைவிடக் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால் அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் விதி, உள்ள சொத்துப் பத்திரங்களில் இந்த வாதம் பல நேரம் தானாகவே கரைந்துவிடும்.

எப்படி என்றால், அதே இரு பத்திரம், அதே 60,000 இழப்பு. தீப்பிடித்த நாளில் கிடங்கு நிறைந்து இருப்பு 400,000 என்று வையுங்கள். பெரிய பத்திரம் இருப்பில் முக்கால் பங்குக்குத்தான் காப்பு, சராசரி விதிப்படி தனியாக 45,000 கொடுக்கும். சிறியது கால் பங்கு, 15,000 கொடுக்கும். கூட்டினால் 60,000. பங்குச் சண்டைக்கு இடமே கிடையாது. ஆனால் எங்கள் மேசைக்கு வரும் கணக்குத்தாள்களில் என்ன நடக்கிறது? முதலில் சராசரி விதியைப் போட்டு 45,000 ஆக்குகிறார்கள். பிறகு "வேறு காப்புறுதி உண்டு" என்று அதன்மேல் இன்னொரு முக்கால் போட்டு 33,750 என்கிறார்கள். சிறிய நிறுவனம் தன் 15,000த்தில் கால் போட்டு 3,750 என்கிறது. இரண்டும் சேர்ந்தால் 37,500. வியாபாரிக்கு 22,500 ரிங்கிட் காற்றில் போயிற்று. ஒரே குறைபாட்டுக்கு இரு முறை வெட்டு விழுகிறது. இருப்பு 400,000, மொத்தக் காப்பும் 400,000 என்னும்போது அவர் குறைவாகக் காப்புறுதி செய்தவரே இல்லை! இந்தப் பிழை மோசடி நோக்கில் நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பத்திரத்தை மட்டும் திறந்து வைத்துக் கணக்குப் போடுவதால் நடக்கிறது. விளைவு என்னவோ ஒன்றுதான்.

இழப்பில் வாடிக்கையாளரே ஏற்க வேண்டிய சுயபொறுப்புத் தொகையிலும் இதே கதை. இரு நிறுவனமும் தத்தம் முழுத் தொகையைக் கழிக்கின்றன.

அடுத்தது, இது உண்மையில் இரட்டைக் காப்புறுதிதானா என்று பார்க்காமலே கடிதம் போடுவது. இரட்டைக் காப்புறுதிக்கு வேண்டியவை: ஒரே ஆளின் ஒரே உரிமை, ஒரே பொருள், ஒரே ஆபத்து, இழப்பு நாளில் இரண்டு பத்திரமும் உயிரோடு இருப்பது. இவற்றில் ஒன்று தவறினாலும் பங்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. 1877இல் லண்டன் கிங் அண்ட் குயின் தானியக் கிடங்கு வழக்கு இன்றைக்கும் பாரிட் புந்தார் அரிசிக் கிடங்குக்கு அப்படியே பொருந்தும். வணிகரின் தானியம் கிடங்குக்காரரிடம் இருந்தபோது எரிந்தது. வணிகருக்கு ஒரு காப்புறுதி, கிடங்குக்காரருக்கு ஒரு காப்புறுதி. பொருளுக்குப் பொறுப்பு கிடங்குக்காரருடையது, உரிமைகள் வெவ்வேறு, ஆகவே இது இரட்டைக் காப்புறுதி ஆகாது, சுமை முழுவதும் கிடங்குக்காரரின் நிறுவனத்துக்கே என்று தீர்ந்தது. இங்கே செய்ய வேண்டியது பத்திரத்தில் "காப்புறுதி செய்தவர்" என்ற வரியையும், பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பதற்கான சேர்க்கை உண்டா என்பதையும் படிப்பது. வழக்கமான தீப்பத்திரம், தனியாகக் குறிப்பிடாவிட்டால், பிறர் பொருளை மூடாது. வங்கிப் பத்திரத்திலும் இதே கேள்வி: வங்கி தன் கடன் உரிமைக்கு மட்டும் எடுத்ததா, கடன் வாங்கியவர் பெயரில் எடுத்துப் பணம் பெறுபவராகத் தன்னைப் போட்டுக்கொண்டதா? பதிலைப் பொறுத்து முழு வழக்கும் திசை மாறும். பத்து நிமிட வேலை.

ஒப்பந்தக்காரர் விவகாரத்திலும் வரிசை முக்கியம். தோட்டத்துக்கு ஒரு பொதுப் பொறுப்புக் காப்புறுதி, செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரருக்கு இன்னொன்று. குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மற்றதன் இழப்பை ஈடுசெய்யும் உறுதி இருந்தால் பங்கு பிரிப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். முழுச் சுமையும் ஒரே பக்கம் போகலாம். பங்கு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு முழுத் தொகை கேட்டு வருவது உங்கள் வழக்கறிஞருக்குத்தான் தலைவலி.

கடல் காப்புறுதியோடு மோதும் இடம் இன்னும் நுட்பமானது. பட்டர்வொர்த்தில் இறங்கும் உரம் லாரியில் நிபோங் திபால் கிடங்குக்கு வருகிறது. தீப்பத்திரம், கடல் பத்திரம் மூடும் பொருளுக்கு மிச்சத்தை மட்டும் தருவேன் என்கிறது. அப்படியென்றால் கடல் பத்திரம் எந்த நொடியில் முடிகிறது? கடல் பத்திரத்தோடு ஒட்டப்படும் 1982ஆம் ஆண்டு இன்ஸ்டிடியூட் சரக்கு விதிகளில் கிடங்கில் ஒப்படைக்கும்போது. 2009ஆம் ஆண்டு விதிகளில் கிடங்கில் லாரியிலிருந்து இறக்கி முடித்தபோது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய பின் 60 நாள் என்ற மேல் எல்லை இரண்டிலும் உண்டு. வாசலில் நின்ற லாரியில் பாதி மூட்டை இறங்கியிருக்கும்போது தீப்பிடித்தால், பத்திரத்தில் எந்த ஆண்டு விதி ஒட்டியிருக்கிறது என்பதே யார் கொடுப்பது என்பதைத் தீர்க்கும். ஆனால் இழப்பு மதிப்பீட்டாளருக்கு நீங்கள் அனுப்பும் முதல் கட்டுக் காகிதத்தில் அந்த இணைப்புத்தாள் இருப்பதே அபூர்வம்.

வேறு காப்புறுதி இருந்தால் இது செல்லாது என்று ஒரு பத்திரம் சொல்ல, மற்றதும் அதையே சொன்னால்? இங்கிலாந்தின் வெடல் வழக்கு (1932 தீர்ப்புத் தொகுப்பு) இதைத் தீர்த்துவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், இரு நிறுவனமும் பொறுப்பில் நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு பத்திரம் வைத்திருப்பவர் ஒன்றும் இல்லாதவராகிவிடுவார். ஆஸ்திரேலியா 1984ஆம் ஆண்டுக் காப்புறுதி ஒப்பந்தச் சட்டத்திலேயே இத்தகைய விதிகளுக்குக் கடிவாளம் போட்டுவிட்டது. நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவு இல்லை, அதனால்தான் உங்கள் கடிதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

முழுத் தொகையையும் முதலில் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று உங்கள் அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. லீகல் அண்ட் ஜெனரல் எதிர் டிரேக் வழக்கில் (1992 தீர்ப்புத் தொகுப்பு) பங்கு விதி இருந்தும் முழுவதும் கொடுத்த நிறுவனம், தன் பங்குக்கு மேலானதைத் தானாக விரும்பிக் கொடுத்ததாகக் கருதப்பட்டுத் தோற்றது. ஆனால் அதற்குப் பிறகு 2003இல் டிரேக் எதிர் பிராவிடன்ட் வழக்கில், மற்ற நிறுவனம் பொறுப்பை மறுத்து நின்றபோது உரிமையைக் காத்துக்கொண்டு கொடுத்தவருக்குப் பங்கு கிடைத்தது. வேறுபாடு நீதிபதியின் மனநிலையில் இல்லை, கோப்பில் இருக்கும் காகிதத்தில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் மற்ற நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பு. அதன் மறுப்பு எழுத்தில். கொடுக்கும் நாளில், பங்கு கேட்கும் உரிமையை வைத்துக்கொண்டே கொடுக்கிறோம் என்ற கடிதம். முடிந்தால் இரு நிறுவனமும் கையெழுத்திட்ட ஒரு பக்க இடைக்கால ஏற்பாடு. அது இருந்தால் விரும்பிக் கொடுத்தார் என்ற வாதம் எழவே எழாது. வழக்கில் மாற்று வாதமாக 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவையும் சேர்த்துக்கொள்ளலாம்: இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்ததன் பயனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும்.

காலவரம்பை மறக்காதீர்கள். 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்த வழக்குக்கு 6 ஆண்டு. பங்கு வழக்குக்கு அந்தக் கணக்கு இழப்பு நாளில் தொடங்குகிறதா, பணம் கொடுத்த நாளிலா என்று வாதாட இடம் இருக்கிறது. இழப்பு நாளிலிருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தில், வணிகச் சட்டத்துக்கும் தீக்காப்புறுதிக்கும் இங்கிலாந்துச் சட்டத்தைக் காட்டுகிறது. பினாங்கிலும் மலாக்காவிலும் அது வழக்கு எழும் காலத்து இங்கிலாந்துச் சட்டம். தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த 1956 ஏப்ரல் 7ஆம் நாளில் இருந்த சட்டம். நிபோங் திபால் பினாங்கு, சற்றுத் தெற்கே பாரிட் புந்தார் பேராக். ஆக ஒரே வியாபாரியின் இரண்டு கிடங்கில், ஒன்றில் 1956க்குப் பிந்தைய ஹேடன் தீர்ப்பு நேராக வரலாம், மற்றதில் அது வழிகாட்டும் நூலாக மட்டும் நிற்கலாம். லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இங்கிருந்து முறையீடு போவதும் 1985இல் நின்றுவிட்டது. இந்த மங்கலைப் போக்க நம் நீதிமன்றத் தீர்ப்புதான் வேண்டும். 7,500 ரிங்கிட் சண்டைகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தைத் தாண்டாமல் சமரசத்தில் மறைவதால் அந்தத் தீர்ப்பு வருவதே இல்லை. யார் நடத்த வேண்டிய வழக்கு அது? கிடங்கு எரிந்தவர் நடத்த வேண்டியதா?

உங்களால் கூடிச் செய்ய முடியாத காரியம் இல்லை இது. தனியார் கார்களுக்கு நாக்-ஃபார்-நாக் ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள். மோதியது மற்றவர் என்றாலும் சொந்த நிறுவனமே பழுதுபார்த்துக் கொடுக்கிறது, கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்கான சலுகைக் கழிவும் குறைவதில்லை, மீதியை நிறுவனங்கள் தமக்குள் பார்த்துக்கொள்கின்றன. காருக்கு முடிந்தது கிடங்குக்கும் கடைக்கும் முடியும்.

எனவே நாங்கள் கேட்பவை இவை.

"முதலில் மற்ற நிறுவனத்தை அணுகவும்" என்ற கடிதத்தை இன்றோடு நிறுத்துங்கள். முதலில் அறிவிப்புப் பெற்ற நிறுவனம் கோப்பை எடுத்து நடத்தட்டும், மற்ற நிறுவனத்தை அதுவே தேடிப் பிடிக்கட்டும், 7 வேலைநாளில் இரு பத்திரமும் எல்லா இணைப்புத்தாளும் கைமாறட்டும். இரு நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே இழப்பு மதிப்பீட்டாளர் போதும். இருவர் வந்து ஒரே சாம்பலை இரண்டு முறை எண்ண வேண்டாம்.

இழப்புத் தொகை உறுதியானதும், எந்த முறையில் போட்டாலும் குறையாத பங்கை இரு நிறுவனமும் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சண்டையில் உள்ள மீதியை உரிமை காத்த கடிதத்தோடு சரிபாதியாகப் போட்டு, வாடிக்கையாளரின் கணக்கை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

சராசரி விதியை, எல்லாப் பத்திரத்தையும் கூட்டிய தொகையில், ஒரே முறை மட்டும் போடுங்கள். சுயபொறுப்பையும் ஒரே முறை. கணக்குத்தாளின் நகலை வாடிக்கையாளரிடம் கொடுங்கள். இரு முறை வெட்டி மூடிய கோப்புகள் உங்களிடம் இருந்தால், நாங்கள் கேட்டு வருவதற்கு முன் நீங்களே திறந்து மிச்சத்தைக் கொடுங்கள்.

வங்கி எடுத்த பத்திரத்தைத் தெரிவிக்கவில்லை என்ற காரணத்தால் கோரிக்கையை மறுக்காதீர்கள், கடன் வாங்கியவர் கையில் அந்தப் பத்திரத்தின் நகல் போய்ச் சேர்ந்தது என்று நீங்கள் காட்டும்வரை. வங்கி மூலம் பத்திரம் விற்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் நகலை நேரடியாக வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும்.

மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமும் மலேசிய தக்காஃபுல் சங்கமும் சேர்ந்து சொத்து, பொறுப்புக் காப்புறுதிகளுக்கு ஒரு பங்கீட்டு ஒப்பந்தம் எழுத வேண்டும்: எந்த வகைப் பத்திரத்துக்கு எந்த முறை, எத்தனை நாளில் பதில், ஒத்துவராவிட்டால் 2005ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் கீழ் காகித வழியிலேயே ஒற்றை நடுவரிடம். தக்காஃபுல் நிதியிலிருந்து வழக்கமான காப்புறுதி நிறுவனத்துக்குப் பங்கு போவதில் உள்ள ஷரியா கேள்விகளையும் அந்த மேசையிலேயே தீர்த்துவிடுங்கள்.

சட்டக் கேள்வி ஒன்றே மிஞ்சும் கோப்பு வரும்போது, உண்மைகளை ஒத்துக்கொண்டு, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 14ஏ ஆணைப்படி உயர் நீதிமன்றத்தில் உங்கள் செலவில் ஒரு மாதிரி வழக்கை நடத்துங்கள். வாடிக்கையாளர் உங்களில் ஒருவர்மேல் வழக்குப் போட்டுவிட்டால், மற்றவரை 16ஆவது ஆணைப்படி மூன்றாம் தரப்பாக நீங்களே இழுத்துக்கொள்ளுங்கள். அதைக் காரணம் காட்டி அவருடைய வழக்கைத் தள்ளிப்போடக் கேட்காதீர்கள்.

இப்போது இரு நிறுவனக் கடிதமும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் கோப்புகளின் எண்களை அந்தந்தப் பிரிவுக்குத் தனியே அனுப்புகிறோம். ஒவ்வொன்றுக்கும், எந்த விதியின் எந்த வரியின்படி பணம் நிறுத்தப்பட்டுள்ளது என்று 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராத கோப்புகளை வாடிக்கையாளரின் ஒப்புதலோடு மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு அனுப்புவோம்.

இப்படிக்கு,
நிபோங் திபால், பாரிட் புந்தார் வட்டாரத்தில் தொழில் செய்யும் பொதுக் காப்புறுதி முகவர்களும் இழப்பு மதிப்பீட்டாளர்களும்